தாமதமாக வரும் இடக்கால்

கைசாவுக்கு ஒரு மனிதரின் கால்கள் முழங்காலுக்குக் கீழே மனப்பாடமாகத் தெரியும். முகம் தெரியாது. முகம் எதற்கு என்று வீடியோவில் அதை வெட்டி எடுத்தவளே அவள்தான்.

எஸ்தோனியாவில் தார்த்து என்ற ஊரிலிருந்து கிரேக்க மலைப்பக்கத்து யானினா நகரத்துக்கு நாட்டார் ஆட்டம் கற்க வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காலையில் ரொட்டிக்கடை வேலை, சாயங்காலம் நடனச் சங்கத்தில் வகுப்பு, மீதி நேரத்துக்கு வசிலோ என்பவளின் வீட்டு மாடியில் ஓர் ஒற்றை அறை. ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி. சாப்பாடு பெரும்பாலும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு போனில் பேசுவதைத் தவிர வாயைத் திறக்க வேலையே இருக்காது. தனியாக இருப்பதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லுவாள். ஒரு குறை இருந்தது. நீ செய்வது தப்பு என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

அந்த வீடியோவை அனுப்பியது வசிலோதான். மலைமேல் கஸ்தானியா அவளுடைய பிறந்த ஊர். அங்கே ஆகஸ்ட் மாதத்து மாதா திருவிழாவில் மூன்று நாள் ஆட்டம் நடக்கும். போன வருஷத்து ஆட்டத்தை யாரோ சொந்தக்காரர் படம்பிடித்திருந்தார். வரிசையின் தலைமாட்டில் ஒருவர் கைக்குட்டையைச் சுழற்றியபடி மெதுவாக ஆடுகிறார். எல்லோர் இடக்காலும் மூன்றாவது எண்ணிக்கையில் விழும்போது அவர் இடக்கால் மட்டும் அரை எண்ணிக்கை தாமதமாக, நுனி தரையில் உரச, இழுத்துக்கொண்டு வந்து சேர்கிறது. கிளாரினெட்டும் அதே இடத்தில் ஒரு மூச்சு நின்று, கால் வந்த பிறகுதான் மேலே போகிறது.

ஆட்டமும் பாட்டும் ஒரே இடத்தில் நிற்கிறதென்றால் அது தற்செயலா? இது அந்த ஊர்ப் பாணி, இதுவரை யாரும் எழுதிவைக்காத பாணி என்று கைசா முடிவுகட்டினாள். கால்களை மட்டும் வெட்டி எடுத்து, வேகத்தைக் குறைத்து, இருநூறு தடவையாவது பார்த்திருப்பாள். மரத்தரையில் அவள் பழகும்போது கீழே வசிலோவின் துடைப்பக்கட்டை கூரையில் இடிக்கும்.

"ஏண்டி கைசா, ஆடினா ரெண்டு கால்லயும் ஆடு. அது என்ன ஒண்ணரைக் கால் ஆட்டம்? என் தலையில இல்ல வந்து விழுது?"

திருவிழாவில் ஆடிக்காட்டி வசிலோவைத் திகைக்க வைக்க வேண்டும் என்று கைசா அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சங்கத்து வாத்தியார் மட்டும் அவள் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இந்த இழுப்பை நான் எங்கயுமே பாத்ததில்லயே, கைசா."

"கஸ்தானியாவுக்குப் போயிருக்கீங்களா சார்?"

அவர் போனதில்லை. பிறந்த மண்ணின் ஆட்டத்தை அந்த மண்ணின் வாத்தியாருக்கே சொல்லித்தருகிறோம் என்ற கர்வத்தில் அன்று அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். ஜூலையில் தன் ஊர் தார்த்துவுக்குப் போய், ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்பது பேருக்கு அதைச் சொல்லியும் கொடுத்துவிட்டாள். அதற்குக் 'கஸ்தானியா இழுப்பு' என்று பெயரும் வைத்தாயிற்று. பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தெரியாமல் அடுத்த தெருவில் பெயர்சூட்டு விழா நடந்த கதைதான்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி வசிலோ அவளைக் கஸ்தானியாவுக்குக் கூட்டிப்போனாள். கோயில் ஆராதனை முடிந்து, சதுக்கத்துப் பெரிய மரத்தடியில் நீள மேசைகள் போட்டு மதியச் சாப்பாடு. எதிரில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நரைமீசைக்காரர் ஆட்டுக்கறியில் நன்றாக முறுகிய துண்டாகப் பார்த்து எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"சாப்புடும்மா. வெளியூர்ல தனியா இருக்குறவங்களுக்குச் சாப்பாடு மறந்துபோயிடும். நான் ஸ்டுட்கார்ட்ல பதினோரு வருஷம் டப்பா மீனையே தின்னு உசுரோட இருந்தவன். கட்டட வேலை. ராத்திரி அந்த டப்பாவோடதான் பேசுவேன்."

"டப்பா என்ன சொல்லும்?"

"ஊருக்குப் போடா முட்டாள்னு சொல்லும். கேட்டனா? கேக்கல."

மூன்று வருஷத்தில் இப்படிச் சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை. அவர் பெயர் ஃபோதிஸ். பக்கத்திலிருந்த மனைவி லம்ப்ரினி கைசாவின் தம்ளரில் தண்ணீர் நிரப்பினாள்.

அந்த ஊரில் ஆட்டம் வீட்டு வரிசைப்படி நடக்கும். எந்த வீட்டின் முறையோ அந்த வீட்டார் தலைமாட்டில் நிற்பார்கள், வேண்டிய பாட்டைக் கேட்பார்கள். வசிலோவின் முறை வந்ததும் அவள் ஒரு சுற்று ஆடிவிட்டுக் கைக்குட்டையைக் கைசாவிடம் நீட்டினாள். ஊர் பார்க்க அந்நியப் பெண் ஒருத்தி கையில் தலைமாட்டைக் கொடுப்பது சின்ன மரியாதை இல்லை. கைசா கிளாரினெட்காரர் தோடோரிஸிடம் போய் அந்த மெட்டை முனகிக் காட்டினாள்.

தோடோரிஸ் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார். "அதுவா? வேற எதாச்சும் கேளும்மா. அது ஃபோதிஸ் வீட்டுப் பாட்டு. மூணாம் நாள்தான் அவங்க முறை."

மேசையிலிருந்து ஃபோதிஸ் கையைத் தூக்கினார். "வாசி தோடோரி. பாட்டை நான் என்ன பெட்டியிலயா பூட்டி வெச்சிருக்கேன்? பொண்ணு ஆசையாக் கேக்குது."

தோடோரிஸ் வாசித்தார். கைசா ஆடினாள். மூன்றாவது எண்ணிக்கையில் இடக்காலை நிறுத்திவைத்து, அரை எண்ணிக்கை கழித்து, நுனி உரச இழுத்துச் சேர்த்தாள். பழக்கதோஷத்தில் கிளாரினெட்டும் நின்றது. தோடோரிஸ் அவள் காலைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ரசிக்கிறார் என்று கைசா நினைத்தாள். கைக்குட்டையின் மறுமுனையைப் பிடித்திருந்த வசிலோ வெடுக்கென்று இழுத்தாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து இன்னும் நன்றாக இழுத்து ஆடினாள். மேசைப்பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து அதை இருமலாக மாற்றினார்கள். மூன்று சுற்றுப் போக வேண்டிய பாட்டு இரண்டோடு நின்றது.

கைதட்டல் இல்லை. ஃபோதிஸ் மட்டும் இரண்டு தடவை தட்டினார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேசைக்கடியிலிருந்த கைத்தடியை ஊன்றி எழுந்து, சதுக்கத்தின் குறுக்கே வீட்டுப்பக்கம் நடந்தார். வலக்கால் முன்னே போயிற்று. இடக்கால் அரை எண்ணிக்கை தாமதமாக, நுனி கல்லில் உரச, பின்னால் வந்து சேர்ந்தது.

அந்தக் கால்களைக் கைசாவுக்குத் தெரியும். இருநூறு தடவை பார்த்த கால்கள். நிலம் பிளந்து தன்னை அப்படியே விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. கையில் கைக்குட்டை வேறு. அதை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியாமல் நடுச்சதுக்கத்தில் நின்றாள்.

கஸ்தானியாவில் வசிலோவின் பிறந்த வீட்டு அடுப்படியில் கைசா வீடியோ கதையைச் சொல்லி முடிப்பதற்குள் வசிலோ நெற்றியில் இரண்டு தடவை அடித்துக்கொண்டாள்.

"ஸ்டுட்கார்ட்ல சாரத்துலேர்ந்து விழுந்தவர்டி அவர். இடுப்பு ஒடஞ்சு ஆறு மாசம் ஆஸ்பத்திரி. அந்தக் கால் வந்து சேர்றதுக்காகத் தோடோரிஸ் பாட்டை நிறுத்திப் புடிக்கிறான். இதைப் போய்ப் பாணின்னு நெனச்சியா?"

"எங்கிட்ட யாராவது சொல்லியிருக்கலாமே அக்கா."

"என்னன்னு? நொண்டி ஆடுறார்னா? இந்த ஊர்ல அதை யாரும் வாய் தொறந்து சொன்னதில்ல. அவர் ஆடும்போது அவர் காலை யாரும் பாக்குறதுமில்ல."

நாற்பது பேர் நினைவு வந்து கைசா போனை எடுத்தாள். தார்த்துவில் எடுத்த வீடியோ. உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்பது பேர் கைகோத்து வட்டமாக, முகமெல்லாம் சிரிப்பாக, ஒரே நேரத்தில் நொண்டினார்கள். மருத்துவர் ஒருவர், பள்ளி ஆசிரியைகள் மூன்று பேர், அவளுடைய சித்தி. நடுவில் அவள் நின்று, "இன்னும் இழுங்க, இன்னும்" என்று கை தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை உண்டு. இங்கே நாற்பது குரங்கு. அன்றிரவே அத்தனை பேருக்கும் ஒரு கடிதம் எழுதினாள். 'நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஆட்டம் அல்ல, ஒருவருடைய ஊனம்' என்று ஆரம்பித்தது. காலையில் அனுப்பலாமென்று வைத்தாள்.

"காலையில அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கப் போறேன்" என்றாள்.

"போகாதே."

"நான் கேலி பண்ணலன்னு அவருக்குத் தெரியணும் இல்லயா?"

"கேலி பண்ணேன்னே நெனச்சுக்கட்டும். ரெண்டு நாள்ல மறந்துடுவார். நீ பேசாம இரு. பேசினாத்தான் வெனை."

வசிலோ எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அவள் யோசிக்கவில்லை. கறியைத் தேடி எடுத்து வைத்த அந்த மனிதர் தன்னைக் கெட்டவள் என்று நினைக்கிறாரே, அது ஒன்றைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவளுடைய வெட்கத்தில் பாதி அவருக்காக, பாதி தனக்காக. தனக்கான பாதிதான் மறுநாள் காலை மேட்டுத்தெருவில் அவளை நடத்திக்கொண்டு போனது.

ஃபோதிஸ் முற்றத்தில் திராட்சைக்கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். லம்ப்ரினி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "உக்காரு, காபி போடுறேன்" என்று மட்டும் சொன்னாள். கைசா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"விடும்மா. நேத்துக் கோவம் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. கறி வெச்ச கையைக் கடிச்சிட்டாளேன்னு. ராத்திரி படுத்ததும் எனக்கே சிரிப்பு வந்திடுச்சு. என் நடையைப் பாத்துச் சிரிக்காதவன் இந்த ஊர்ல யாரு? தெருவுல மொதல்ல என் தடி வரும், அப்புறம் நான் வருவேன், கால் பின்னாடி வருதுன்னு நானே சொல்லுவேன்."

அதோடு காபியைக் குடித்துவிட்டு அவள் எழுந்து வந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை.

"இல்ல ஐயா. நேத்து ஆடுற வரைக்கும் உங்க நடையை நான் பாத்ததே இல்ல. அதைக் கேலி பண்ணல. நீங்க ஆடுறதைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

அவர் கொடியிலிருந்து திரும்பினார். "ஆடுறதையா?"

"போன வருஷ வீடியோ. ஊர்ப் பாணின்னு நெனச்சிட்டேன். நாப்பது பேருக்குச் சொல்லிக்கூடக் குடுத்துட்டேன். எங்க ஊர்ல."

"என் ஆட்டத்துல ஏதும்மா இழுப்பு?" என்றார் ஃபோதிஸ். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "நடக்குறப்பத்தான் அது வரும். ஆடுறப்ப வராது."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. லம்ப்ரினி காபிக் கோப்பைகளோடு வாசலுக்கு வந்தாள். "காபி ஆறுது" என்றாள்.

தன்னை நம்பவில்லை என்று கைசா நினைத்துக்கொண்டாள். போனை எடுத்து, பாட்டை ஓடவிட்டு, படித்த பெண்ணல்லவா, விரல் விட்டு எண்ணியும் காட்டினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு... மூணுல எல்லார் காலும் விழுது. இங்க கிளாரினெட் நிக்குது பாருங்க. அரை எண்ணிக்கை. உங்க கால் வருது. அப்புறம்தான் நாலு."

"இன்னொரு தடவை போடு."

போட்டாள். அவர் படத்தைப் பார்க்கவில்லை, காதை மட்டும் கொடுத்தார். இரண்டாவது தடவை ஓடும்போதுதான் அவர் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதைச் செய்துவிட்டோம் என்று அப்போது தெரிந்தது. போனை அணைத்தாள், அணைத்து இனி என்ன பயன்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வருஷம்" என்றார் ஃபோதிஸ் மெதுவாக, "திருவிழாவுல சும்மா நின்னு பாக்கலாம்னுதான் எழுந்தேன். கால் தாளத்துல கணக்கா விழுந்துச்சு. நடக்க வராதவனுக்கு ஆட வருதேன்னு நேரா கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேன். வருஷா வருஷம் ஏத்துறேன். இருபத்தேழு வருஷம்."

லம்ப்ரினியின் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியுமா?"

"காபி ஆறுது" என்றாள் லம்ப்ரினி மறுபடியும். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவள் கையில் இடமில்லை, இரண்டிலும் கோப்பை.

கைசாவை யாரும் திட்டவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஓர் ஊரே சேர்ந்து இருபத்தேழு வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை, தன் பெயர் கெடக் கூடாதென்பதற்காக ஒரு காலைப்பொழுதில் விரல் விட்டு எண்ணி உடைத்துவிட்டு அவள் மேட்டுத்தெருவில் இறங்கி வந்தாள். வசிலோவிடம் சொன்னாள். வசிலோ சாப்பாட்டைப் போட்டுவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த மௌனத்துக்குத் துடைப்பக்கட்டை எவ்வளவோ மேல்.

மூன்றாம் நாள் மதியம் சதுக்கத்துக்குப் போக மாட்டேன் என்றாள் கைசா.

"வா. நீ ஒளிஞ்சுக்கிட்டா மட்டும், அவர் ஆட வரலன்னா அது யாராலன்னு ஊருக்குத் தெரியாமப் போயிடுமா?" என்றாள் வசிலோ.

கைசா கோயில் சுவரோரம், எல்லோருக்கும் பின்னால் நின்றாள். வீடுவீடாக முறை போயிற்று. ஃபோதிஸ் வீட்டின் முறை வந்தபோது சதுக்கத்தில் பேச்சு அடங்கியது. அவர் தம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தே இருந்துவிட்டால் இனி எந்த வருஷமும் எழ மாட்டார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், கைசாவுக்கும் தெரியும். தோடோரிஸ் வாத்தியத்தைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

ஃபோதிஸ் எழுந்தார். கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டுத் தலைமாட்டுக்குப் போனார். லம்ப்ரினி கைக்குட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"தோடோரி, நிக்காம வாசி."

"என்னண்ணே?"

"எந்த எடத்துலன்னு உனக்குத் தெரியும். நிக்காதே."

பாட்டு தொடங்கியது. மூன்றாவது எண்ணிக்கையில் தோடோரிஸின் மூச்சு பழக்கப்படி நின்றது. ஃபோதிஸும் நின்றார், அவரைப் பார்த்தார். தோடோரிஸ் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தார். இந்தத் தடவை நிற்கவில்லை. இடக்கால் வந்து சேர்வதற்குள் பாட்டு போய்விட்டது. அடுத்த அடியிலும் அப்படித்தான். துரத்திக்கொண்டே ஆடினார், மீசையில் வியர்வை இறங்கியது. ஊர் முழுக்க அவர் கைக்குட்டையையும் முகத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தது. கைசா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கக் கூடாத இடத்தை இத்தனை நாள் பார்த்தவளுக்குப் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கத் துணிவில்லை.

ஒன்றரைச் சுற்றில் அவர் கைக்குட்டையை முழுதுமாக லம்ப்ரினியின் கையில் கொடுத்துவிட்டு விலகினார். "போதும்" என்றார், சாப்பாடு போதும் என்பதுபோல. லம்ப்ரினி வரிசையைத் தொடர்ந்து நடத்திப்போனாள். அவர் தடியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போகாமல் கோயில் சுவர்ப்பக்கம் வந்தார். தடி வந்தது, அவர் வந்தார், கால் வந்தது.

"நாப்பது பேருன்னியே. அவங்களுக்குத் தப்புன்னு சொல்லிட்டியா?"

"எழுதி வெச்சிருக்கேன் ஐயா. இன்னும் அனுப்பல."

"அனுப்பாதே."

அவள் நிமிர்ந்தாள்.

"நல்லா ஆடுறாங்களா?"

"ஆடுறாங்க."

"தாளத்துல விழுதா?"

"விழுது. பாட்டுத்தான் அந்த எடத்துல நிக்குதே."

"அப்ப ஆடட்டும்" என்றார் ஃபோதிஸ். "தெரியாம ஆடுறது ஒரு சொகம்மா. நான் அனுபவிச்சவன் சொல்றேன். அங்கயாவது அது ஆட்டமா இருக்கட்டும்." தடியைத் திருப்பி ஊன்றினார். "நீ யாருகிட்டயும் சொல்லாதே. உனக்கு அது கஷ்டம்தான். இருந்தாலும் சொல்லாதே."

கடிதத்தை அவள் அன்றே அழித்தாள். உண்மையைச் சொல்லிப் பாவத்தைக் கழுவிக்கொள்ளும் வழியும் அதோடு போயிற்று.

அக்டோபரில் தார்த்துக்காரர்கள் வாரம் ஒருமுறை கணினி வழியாக வகுப்புக் கேட்டார்கள். கைசா மாடி அறையில் நாற்காலியை ஒதுக்கிவைத்து, தோடோரிஸின் பழைய பாட்டை, நின்று நின்று போகும் அந்தப் பாட்டை ஓடவிட்டாள். கீழே வசிலோ இருந்தாள். துடைப்பக்கட்டைச் சத்தம் வரவில்லை. திரையில் நாற்பது பேரும் சின்னச் சின்னக் கட்டங்களில் இடக்காலை இழுத்தார்கள். அழகாகவே இருந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கை தூக்கினாள். "இந்த எடத்துல மட்டும் கால் ஏன் லேட்டா வருது? அதுக்கு எதாவது காரணம் உண்டா?"

"அந்த ஊர்ல அப்படித்தான் ஆடுவாங்க" என்றாள் கைசா. காது வரைக்கும் முகம் சிவப்பது அவளுக்கே தெரிந்தது. "இருங்க, காட்டுறேன்" என்று சொல்லிக் கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கி வைத்தாள்.